டெபியன் 12-இலிருந்து 13-க்கு: மாற்று சர்வர் இல்லாத இடத்தில் ஒரு அப்கிரேட் பதிவு

ஒரே சர்வர். வலைப் பக்கங்களைப் பரிமாறும் என்ஜின்எக்ஸ், பிஎச்பி நிரல்களை ஓட்டும் பிஎச்பி-எஃப்பிஎம், போஸ்ட்கிரஸ் தரவுத்தளம் மூன்றும் அதிலேயே ஓடுகின்றன. 32 ஜிபி ரேம். 480 ஜிபி எஸ்எஸ்டி இரண்டு, மென்பொருள் ரெய்டு 1-இல் (ஒன்றின் நகல் மற்றொன்றில்). அதன்மேல், வட்டு இடத்தைப் பிரித்துக் கொடுக்கும் எல்விஎம்: ரூட்டுக்கு 40 ஜிபி, தரவுத்தளத்துக்குத் தனியாக 120 ஜிபி, மிச்சம் யாருக்கும் ஒதுக்காமல் காலி. பூட் பகிர்வு மட்டும் எல்விஎம்முக்கு வெளியே, 512 எம்பிக்கும் சற்றுக் குறைவு. இப்போது இருப்பது லினக்ஸ் இயங்குதளமான டெபியனின் 12-ஆம் பதிப்பு ‘புக்வோர்ம்’. போக வேண்டியது 2025 ஆகஸ்ட் 9 அன்று வெளிவந்த டெபியன் 13 ‘ட்ரிக்ஸி’. கர்னல் 6.1-இலிருந்து 6.12, பிஎச்பி 8.2-இலிருந்து 8.4, போஸ்ட்கிரஸ் 15-இலிருந்து 17, பைத்தான் 3.11-இலிருந்து 3.13. பயனர்களுக்கு அறிவித்த நிறுத்தம் இரவு 12:30 முதல் 2 மணி வரை.

இப்படிப்பட்ட இரவுகளில் நேரத்தை விழுங்குவது பேக்கேஜ் நிறுவல் அல்ல. எஸ்எஸ்டி இருந்தால் அது தானாக ஓடி முடிந்துவிடும். ‘இந்தக் கான்ஃபிக் கோப்பை நீங்கள் மாற்றியிருக்கிறீர்கள், பழையதை வைக்கவா, புதியதைப் போடவா’ என்று திரை கேட்டு நிற்கும்போது யோசிக்கிற நேரம்தான் விழுங்குகிறது. ஆகவே யோசிக்க வேண்டியதெல்லாம் முந்தின வாரத்தில் பகலிலேயே முடிந்துவிட வேண்டும். நிறுத்த நேரத்தில் தட்டச்சு மட்டும்தான் மிச்சம் இருக்க வேண்டும்.

முதலில் ஒரு வெறும் ரீபூட்

அப்கிரேடுக்கு ஒரு வாரம் முன்பு, எதையும் மாற்றாமல், பழைய சிஸ்டத்தையே ஒருமுறை ரீபூட் செய்யவும். மாதக்கணக்கில் அணையாமல் ஓடிய சர்வரில் யாரோ எப்போதோ எஃப்எஸ்டேப்பில் (மவுண்ட் பட்டியல்) எழுதிய தவறான வரி, கையால் தொடங்கிவிட்டு எனேபிள் செய்ய மறந்த சர்வீஸ், சேமிக்காமல் விட்ட ஃபயர்வால் விதி எல்லாம் அடுத்த ரீபூட்டுக்காகக் காத்துக்கொண்டிருக்கும். அவை அப்கிரேட் இரவில் வெளிப்பட்டால், பழி புதிய கர்னல்மேல் விழும். நேரம் தவறான இடத்தில் தேடுவதில் போகும்.

இந்த ரீபூட்டில் இன்னும் இரண்டு விஷயம் தெரியும். ஒன்று, பவர் வந்ததிலிருந்து லாகின் வரை எத்தனை நிமிடம். சர்வர் வன்பொருளில் ஃபர்ம்வேர் சோதனைக்கே சில நிமிடங்கள் போகும். அந்தக் கணக்கு தெரிந்திருந்தால் அன்றிரவு பதறிப்போய் பவர் பட்டனை அழுத்த மாட்டோம். இரண்டு, தொலைவிலிருந்தே திரையும் கீபோர்டும் தரும் ஐபிஎம்ஐ கன்சோல் உண்மையில் வேலை செய்கிறதா. பாஸ்வேர்ட் சரியா, கீபோர்ட் உள்ளீடு போகிறதா, க்ரப் (கர்னலைத் தேர்ந்து ஏற்றும் நிரல்) மெனு திரையில் தெரிகிறதா, மெனுவில் கீழே நகர முடிகிறதா என்று நான்கையும் பார்க்கவும். க்ரப் மெனுவின் காத்திருப்பு 0 விநாடி என்று இருந்தால் 10 ஆக மாற்றி அப்டேட்-க்ரப் ஓட்டிவிடவும். பின்வாங்க நேர்ந்தால் அந்த 10 விநாடிதான் கைகொடுக்கும்.

பூட் பகிர்வு: சின்ன இடம், பெரிய தலைவலி

ட்ரிக்ஸியின் வெளியீட்டுக் குறிப்புகள் பூட் பகிர்வு குறைந்தது 768 எம்பி இருக்க வேண்டும், அதில் 300 எம்பி அளவு காலியாக இருக்க வேண்டும் என்கின்றன. முந்தைய டெபியன் இன்ஸ்டாலரின் தானியங்கிப் பகிர்வில் போட்ட பல சர்வர்களில் மொத்தமே 500 எம்பிக்குள்தான் இருக்கும். இங்கேயும் அதுதான் நிலை.

இடம் போதாமல் போகிற விதம் கவனிக்க வேண்டியது. பூட்டின் தொடக்கத்தில் கர்னலுக்கு டிரைவர்களைத் தரும் கோப்பு இனிட்ராம்எஃப்எஸ். அதை உருவாக்கும் அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் பழைய கோப்பின்மேல் நேராக எழுதுவதில்லை. புதியதைப் பக்கத்தில் எழுதி முடித்த பிறகே பெயர் மாற்றும். அதனால் ஒரு கோப்புக்கு அந்த நேரத்தில் இரட்டை இடம் வேண்டும். நடுவில் இடம் தீர்ந்தால், பேக்கேஜ் நிறுவும் கருவியான டிபிகேஜி பிழையோடு நிற்கும். கர்னல் பேக்கேஜ் பாதி கான்ஃபிகர் ஆன நிலையில் தொங்கும். அதைக் கவனிக்காமல் ரீபூட் செய்தால் இனிட்ராம்எஃப்எஸ் இல்லாத கர்னல் ரூட்டைக் கண்டுபிடிக்க முடியாமல் பேனிக் ஆகும்.

செய்தது இவ்வளவு. ஓடிக்கொண்டிருக்கும் 6.1 கர்னல் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு, பழைய 6.1 பதிப்புகளை எல்லாம் பர்ஜ் (முழு நீக்கம்). பிறகு இனிட்ராம்எஃப்எஸ் கான்ஃபிக்கில் ‘மாட்யூல்ஸ்’ என்ற வரியை ‘மோஸ்ட்’ என்பதிலிருந்து ‘டெப்’ என்று மாற்றி, மறுபடி உருவாக்கம். ‘மோஸ்ட்’ கிட்டத்தட்ட எல்லா வன்பொருளுக்குமான டிரைவர்களையும் கூடவே ஃபர்ம்வேரையும் அள்ளிப்போடும். ‘டெப்’ இந்த இயந்திரத்துக்குத் தேவையானதை மட்டும் எடுக்கும், கோப்பு கணிசமாகச் சுருங்கும். விலையும் உண்டு: இந்த வட்டுகளைக் கழற்றி வேறு கன்ட்ரோலர் உள்ள இயந்திரத்தில் மாட்டினால் பூட் ஆகாமல் போகலாம். அவசர மாற்று இயந்திரம் வேறு மாடலாக இருந்தால் இந்த வழி வேண்டாம். பூட் அடைவை ரூட்டுக்குள்ளேயே கொண்டுபோய்விடலாம், க்ரப்புக்கு எல்விஎம்மும் ரெய்டும் படிக்கத் தெரியும். பகிர்வைப் பெரிதாக்கும் வேலையை மட்டும் அப்கிரேடோடு சேர்க்காதீர்கள். அது தனி இரவு.

ரெய்டு 1 இருக்கிறதே என்று நிம்மதியாக இருப்பவர்கள், ஃபர்ம்வேர் பூட் நிரலைத் தேடும் ஈஎஃப்ஐ பகிர்வை ஒருமுறை பார்க்கவும். அது வழக்கமாக ரெய்டில் சேராது, முதல் வட்டில் மட்டும் இருக்கும். இரண்டாவது வட்டிலும் ஒரு நகலும் பூட் பதிவும் போட்டுவைப்பது இந்தச் சமயத்தில் பத்து நிமிட வேலை.

ஆப்ட்டைச் சுத்தம் செய்தல், முன்கூட்டியே இறக்குதல்

ஆப்ட் என்பது பேக்கேஜ்களை இறக்கி நிறுவும் கருவி. புக்வோர்மை அதன் கடைசிப் புள்ளி வெளியீடு (திருத்தங்களின் தொகுப்பு) வரை முதலில் கொண்டுவரவும். இது சம்பிரதாயம் இல்லை. பழைய ஓபன்எஸ்எஸ்எச் சர்வர் பேக்கேஜிலிருந்து நேராகத் தாவினால், அப்கிரேட் நடக்கும்போது புதிய எஸ்எஸ்எச் இணைப்புகள் மறுக்கப்படும் இடைவெளி ஒன்று வரும். நடுவில் லைன் அறுந்தால் திரும்ப நுழைய முடியாது. புக்வோர்மின் பிந்தைய அப்டேட்டுகளில் அதற்கான திருத்தம் இருக்கிறது.

ஹோல்டில் உள்ள, அதாவது பதிப்பு மாறாமல் நிறுத்திவைத்த பேக்கேஜ்களை ஆப்ட்-மார்க் ஷோஹோல்ட் காட்டும். காரணம் நினைவில்லாத ஹோல்டை எடுத்துவிடவும். எந்தப் பதிப்புக்கு முன்னுரிமை என்று சொல்லும் பின்னிங் கோப்புகளைப் பார்க்கவும். வெளி ரெப்பாசிட்டரிகளை எல்லாம் முடக்கவும். அப்கிரேட் முடிந்தபின் ட்ரிக்ஸிக்கு உரிய வரியோடு ஒவ்வொன்றாகத் திறக்கலாம். மூலப் பட்டியலில் ‘ஸ்டேபிள்’ என்று எழுதியிருந்தால் அதைப் பெயராக மாற்றுங்கள். ‘ஸ்டேபிள்’ என்று விட்டால், புதிய டெபியன் வெளியான நாளில் சாதாரண ஆப்ட் அப்கிரேடே அரைகுறையாகப் புதியதற்குத் தாவப் பார்க்கும்.

அடுத்து இறக்கம். மூலப் பட்டியலில் புக்வோர்ம் என்ற இடமெல்லாம் ட்ரிக்ஸி, செக்யூரிட்டி வரியில் ட்ரிக்ஸி-செக்யூரிட்டி. ஆப்ட் அப்டேட். பிறகு ஆப்ட் ஃபுல்-அப்கிரேட், ‘டவுன்லோட்-ஒன்லி’ விருப்பத்தோடு. இதனால் நிறுத்த நேரத்திலிருந்து நெட் வேகம் என்ற காரணி கழன்றுவிடுகிறது. இதற்கு முன்பே ஆப்ட்-டெய்லி, ஆப்ட்-டெய்லி-அப்கிரேட் இரண்டு டைமர்களையும் நிறுத்தவும். இல்லாவிட்டால் அன்அட்டெண்டட்-அப்கிரேட்ஸ் ஏதோ நேரத்தில் எழுந்து டிபிகேஜியின் லாக்கைப் பிடித்துக்கொள்ளும். இறக்கி முடிந்து, ஒத்திகைக்கான ஸ்னாப்ஷாட்டும் (வட்டின் அந்தக் கணத்து நிலை) எடுத்தபின் மூலப் பட்டியலை மறுபடி புக்வோர்முக்குத் திருப்பி, ஆப்ட் அப்டேட் ஓட்டிவிடவும். இடைப்பட்ட நாளில் யாராவது சின்னக் கருவி ஒன்றை நிறுவப்போய், அது ட்ரிக்ஸியின் ஜிலிப்சியை (ஏறக்குறைய எல்லா நிரலும் சார்ந்திருக்கும் அடிப்படை லைப்ரரி) இழுத்துக்கொண்டு வந்தால் பட்டப்பகலில் பாதி அப்கிரேட் ஆகிவிடும்.

ஒத்திகை

ரூட், தரவுத்தளம் இரண்டுக்கும் 5 ஜிபி ஸ்னாப்ஷாட், அதைப் படிக்க-மட்டும் மவுண்ட் செய்து, வேறொரு கணினிக்கு ஆர்சிங்க் மூலம் நகல். நகல் போனதும் ஸ்னாப்ஷாட்டுகளை நீக்கிவிடலாம். அந்த நகலைச் சிஸ்டம்டி-என்ஸ்பான் கொண்டு ஒரு கண்டெய்னராக பூட் செய்யலாம். ‘பிரைவேட்-நெட்வொர்க்’ விருப்பம் கட்டாயம். நகல் என்பது உண்மையான சர்வரின் அச்சு. அதன் க்ரானில் (நேரப்படி தானாக ஓடும் வேலைகள்) வாடிக்கையாளருக்குப் போகும் மெயிலும் இருக்கும், வெளியே பேக்கப் தள்ளும் ஸ்கிரிப்டும் இருக்கும். நெட் திறந்திருந்தால் ஒத்திகைக் கணினி நல்ல பேக்கப்பின்மேல் தன் பேக்கப்பை எழுதிவிடும். நெட் இல்லையென்றால் பேக்கேஜ்கள் எங்கிருந்து வரும்? ஸ்னாப்ஷாட் எடுத்த நேரம் இறக்கத்துக்குப் பிந்தியது. ஆப்ட்டின் பட்டியல்களும் இறக்கிய கோப்புகளும் நகலுக்குள்ளேயே இருக்கின்றன.

கண்டெய்னருக்குள் முதல் வேலை கர்னல், க்ரப் பேக்கேஜ்களை நீக்குவது. இல்லாத வட்டைத் தேடி க்ரப் பிழை கொடுக்கும். அந்தக் கணினியில் ரேம் குறைவு என்றால் போஸ்ட்கிரஸின் ‘ஷேர்ட் பஃபர்ஸ்’ அளவையும் குறைக்கவும், இல்லாவிட்டால் தரவுத்தளமே எழாது. இந்த முறையில் புதிய கர்னல், க்ரப், நெட்வொர்க் கார்டின் பெயர் ஆகிய மூன்றும் சோதிக்கப்படுவதில்லை என்பதை மறக்கக்கூடாது. அவற்றுக்குக் கன்சோலும் பழைய கர்னலும்தான் காப்பு.

ஒத்திகையில் எல்லாக் கான்ஃபிக் கேள்விக்கும் ‘பழையதே இருக்கட்டும்’ என்று பதில். முடிந்தபின் ஈடிசி அடைவில் ‘டிபிகேஜி-டிஸ்ட்’, ‘யூசிஎஃப்-டிஸ்ட்’ என்று முடியும் கோப்புகளைத் தேடி, ஒவ்வொன்றையும் நடப்புக் கோப்போடு ஒப்பிட்டு, இணைத்த வடிவத்தை ஒரு டார் கோப்பில் சேர்க்கவும். அன்றிரவு அதைப் பிரித்துப் போட்டால் போதும்.

இந்த நகலில் வெளிப்பட்டவை:

பிஎச்பி. 8.2-இன் பூல் கான்ஃபிக்கும் பிஎச்பி-ஐஎன்ஐ மாற்றங்களும் 8.4-க்குத் தாமாக வரமாட்டா. இரண்டும் தனித்தனி அடைவு. பதிவேற்ற அளவு, மெமரி வரம்பு எல்லாம் இயல்பு நிலைக்குத் திரும்பியிருக்கும். சாக்கெட்டின் பெயரிலும் பதிப்பு எண் உண்டு. என்ஜின்எக்ஸ் இன்னும் 8.2 சாக்கெட்டையே தேடினால் 502 பிழை. எக்ஸ்டென்ஷன்களை பதிப்பு எண்ணோடு நிறுவியிருந்தால் 8.4-க்கு உரியவை வரவே வரா; எண் இல்லாத பொதுப் பேக்கேஜ்களை இப்போதே நிறுவிக்கொள்ளவும்.

சிஸ்சிடிஎல் (கர்னல் அமைப்புகள்). ட்ரிக்ஸியில், சர்வீஸ்களை நிர்வகிக்கும் சிஸ்டம்டி ஈடிசி அடைவின் ‘சிஸ்சிடிஎல்.கான்ஃப்’ கோப்பைப் படிப்பதில்லை, ‘சிஸ்சிடிஎல்.டி’ அடைவில் இருப்பவற்றை மட்டுமே படிக்கும். இது பிழை காட்டாமல் நடக்கும் மாற்றம். ஐபி ஃபார்வர்டிங் அந்தப் பழைய கோப்பில் எழுதியிருந்தால், ரீபூட்டுக்குப் பின் சர்வர் நன்றாகவே எழும், விபிஎன் வழியாக வருகிறவர்களுக்கு மட்டும் எதுவும் திறக்காது. வரிகளைப் புதிய அடைவுக்கு இப்போதே நகர்த்திவிடலாம், புக்வோர்மும் அதைப் படிக்கும்.

டெம்ப் அடைவு. ட்ரிக்ஸியில் இது இயல்பாகவே ரேமில் இருக்கும் டெம்ப்எஃப்எஸ், ரேமில் பாதி வரை வளரும். 32 ஜிபி இயந்திரத்தில் 16 ஜிபி. இரவு பேக்கப் ஸ்கிரிப்ட் தரவுத்தள டம்ப்பை முதலில் டெம்ப்பில் எழுதும் வழக்கமிருந்தால், அது இனி போஸ்ட்கிரஸோடு ரேமுக்குப் போட்டி போடும். ஸ்கிரிப்டை ‘வார்’ அடைவின் டெம்ப்புக்கு மாற்றுவது சரியான தீர்வு. அவசரத்துக்கு ‘டெம்ப்.மவுண்ட்’ யூனிட்டை மாஸ்க் செய்தால் பழையபடி வட்டிலேயே இருக்கும்.

பைத்தான் விர்ச்சுவல் சூழல்கள். 3.11-இல் கட்டியவை 3.13-இல் ஓடா, மறுபடி கட்ட வேண்டும். 3.13-இல் சிஜிஐ, டெல்நெட்லிப், கிரிப்ட் முதலிய பழைய மாட்யூல்களே நீக்கப்பட்டுவிட்டன. அவற்றை இம்போர்ட் செய்யும் ஸ்கிரிப்டுகளைத் தேடிப் பிடிக்கவும்.

இந்த சர்வரில் இல்லாவிட்டாலும் சொல்ல வேண்டியவை இரண்டு. மெயிலுக்கு டோவ்காட் வைத்திருப்பவர்கள்: 2.4-இன் கான்ஃபிக் பழையதோடு ஒத்துப்போகாது, தனியாக மாற்றி எழுத வேண்டும். மரியாடிபி வைத்திருப்பவர்கள்: அப்கிரேடுக்கு முன் அதை முறையாக நிறுத்தியிருக்க வேண்டும். முந்தைய கிராஷ் மிச்சத்தோடு புதிய பதிப்பைத் தொடங்கினால் அது எழ மறுக்கும்.

காலேஷன்: யாரும் எதிர்பார்க்காத இடம்

போஸ்ட்கிரஸ் 15 ட்ரிக்ஸிக்கு வந்தபின்னும் ஓடிக்கொண்டிருக்கும். 17 பக்கத்தில் நிறுவப்பட்டு, 5433 போர்ட்டில் ஒரு வெறும் கிளஸ்டர் உருவாகும். பழைய 15 தன் 5432-இலேயே இருக்கும். ஆகவே ஓஎஸ் ஒரு இரவு, தரவுத்தளப் பதிப்பு இன்னொரு இரவு என்று பிரித்துக்கொள்வது நல்லது. ஒரே இரவில் இரண்டும் செய்தால், ஏதாவது மந்தமானால் எதன் காரணமாக என்று சொல்ல முடியாது.

ஆனால் தரவுத்தளத்தைத் தொடவே இல்லை என்று நினைப்பது தவறு. எழுத்துகளை எந்த வரிசையில் அடுக்குவது (இதுதான் காலேஷன்) என்பதைப் போஸ்ட்கிரஸ் தானாகத் தீர்மானிப்பதில்லை. பெரும்பாலான நிறுவல்களில் ஜிலிப்சியைக் கேட்கிறது. ஜிலிப்சி 2.36-இலிருந்து 2.41-க்குப் போகிறது. பெயர் வரிசைப்படி கட்டிய பி-ட்ரீ இண்டெக்ஸ் பழைய வரிசையில் அடுக்கப்பட்டிருக்கும். தேடல் புதிய வரிசைப்படி நடக்கும். வரிசை ஓர் எழுத்தில் மாறியிருந்தாலும், இருக்கும் பதிவை ‘இல்லை’ என்று சொல்லும். யூனிக் கட்டுப்பாடு இருந்தும் அதே பெயர் இரண்டாம் முறை உள்ளே போய்விடும். பிழைச் செய்தி வராது. பதினைந்தாம் பதிப்பிலிருந்து ‘காலேஷன் பதிப்பு பொருந்தவில்லை’ என்ற எச்சரிக்கை மட்டும் இணைக்கும்போது வரும். ஆங்கிலத்தோடு தமிழ்ப் பெயர்களும் சேமித்து, மொழி சார்ந்த லோக்கேலில் அடுக்கும் தரவுத்தளங்களில் இதை விட்டுவிட முடியாது. லோக்கேல் ‘சி’ என்று இருந்தால் கவலையில்லை. ஐசியூ லைப்ரரியின் காலேஷனுக்கோ அதே சிக்கல் அதன் சொந்தப் பதிப்பு மாற்றத்தால் வரும்.

பாதுகாப்பான பதில் எல்லா இண்டெக்ஸையும் மறுபடி கட்டுவது, அதாவது ரீஇண்டெக்ஸ் செய்வது. 120 ஜிபி இடத்தில் அது நிறுத்த நேரத்தை முழுதாகத் தின்னும். ஒத்திகை இங்கே ஈடுகட்டிவிடுகிறது. அப்கிரேட் ஆன நகலில் பிஜி-ஆம்செக் கருவியை எல்லா பி-ட்ரீ இண்டெக்ஸ்மேலும் ஓட்டவும். வரிசை குலைந்தவற்றை மட்டும் அது பெயர் சொல்லிக் காட்டும். அந்தப் பட்டியலை எடுத்துவைத்துக்கொண்டு, அன்றிரவு அவற்றைத் தளம் திறக்கும் முன் ரீஇண்டெக்ஸ் செய்து, திறந்த பிறகு மற்ற உரை இண்டெக்ஸ்களை ‘கன்கரெண்ட்லி’ விருப்பத்தோடு ஓட்டலாம்; அது தரவு எழுதப்படுவதைத் தடுக்காது. எல்லாம் முடிந்த பிறகே தரவுத்தளத்துக்கு ‘ரெஃப்ரெஷ் காலேஷன் வெர்ஷன்’. ரீஇண்டெக்ஸ் செய்யாமல் இதை மட்டும் ஓட்டினால் எச்சரிக்கை மறையும், சிக்கல் அப்படியே இருக்கும்.

அந்த இரவு

12:10-க்கு டீமக்ஸ் அமர்வு (லைன் அறுந்தாலும் உள்ளே ஓடுவது நிற்காது), அதற்குள் ஸ்கிரிப்ட் கமாண்ட் மூலம் எல்லாவற்றுக்கும் பதிவு. கன்சோல் தனிச் சன்னலில் திறந்திருக்கட்டும். பிறகு நிலைமையின் படம் ஒன்று: கேட்கும் போர்ட்டுகள், மவுண்டுகள், ஐபி முகவரிகள், ஓடும் யூனிட்டுகள், டைமர்கள், சிஸ்சிடிஎல் மதிப்புகள் எல்லாவற்றையும் தனித்தனிக் கோப்பில் எழுதி வைக்கவும். மூலப் பட்டியல் மறுபடி ட்ரிக்ஸிக்கு, ஆப்ட் அப்டேட், டவுன்லோட்-ஒன்லி இன்னொருமுறை, இடையில் வந்த ஒன்றிரண்டு புதிய பதிப்புகளுக்காக.

12:30. என்ஜின்எக்ஸ் பராமரிப்புப் பக்கத்துக்கு மாறுகிறது. பதில் எண் 503, கூடவே ரீட்ரை-ஆஃப்டர் ஹெடர். சொந்த ஐபி ஒன்றுக்கு மட்டும் உண்மையான தளம் திறக்கும் விதி இருக்கட்டும், சோதனைக்கு வேண்டும். க்ரான், பிஎச்பி-எஃப்பிஎம், பின்னணி வேலைகள், கடைசியாகப் போஸ்ட்கிரஸ் என்ற வரிசையில் நிறுத்தம்.

இப்போது ஸ்னாப்ஷாட். ரூட்டுக்கு 20 ஜிபி, தரவுத்தளத்துக்கு 30 ஜிபி. எல்விஎம்மின் பழைய வகை ஸ்னாப்ஷாட் நிரம்பிவிட்டால் செல்லாததாகிவிடும். மூலத்துக்கு ஆபத்தில்லை, பின்வாங்கும் வழி மட்டும் போய்விடும். ஃபுல்-அப்கிரேட் பல ஜிபி எழுதும் என்பதால் ரூட்டின் பாதி அளவு கொடுப்பதில் கஞ்சத்தனம் கூடாது. எல்விஎஸ் கமாண்ட் காட்டும் டேட்டா சதவீதத்தை அவ்வப்போது பார்க்கவும். பூட் அடைவும் ஈஎஃப்ஐ பகிர்வும் ஸ்னாப்ஷாட்டில் வரவில்லை. அவற்றுக்கு ஒரு டார்.

கேள்விகளுக்கெல்லாம் பதில் ஒத்திகையிலேயே முடிவாகிவிட்டதால் டெபியன் ஃப்ரண்ட்எண்டை நான்-இன்டராக்டிவ் ஆக்கி, டிபிகேஜிக்கு ‘ஃபோர்ஸ்-கான்ஃப்டெஃப்’, ‘ஃபோர்ஸ்-கான்ஃபோல்ட்’ இரண்டும் கொடுக்கலாம். யூசிஎஃப்புக்கு அதற்கென்று தனிச் சூழல் மாறி உண்டு, அதையும் வைக்கவும். ஆப்ட்-லிஸ்ட்சேஞ்சஸ் நிறுவியிருந்தால் அதன் ஃப்ரண்ட்எண்டை ‘நன்’ ஆக்கவும். மறந்தால் மாற்றக் குறிப்புகளைத் திரையில் விரித்துவைத்து, யாராவது ‘கியூ’ அழுத்தும்வரை அப்படியே நிற்கும்.

முதலில் புதிய பேக்கேஜ் சேர்க்காத அப்கிரேட், பிறகு ஃபுல்-அப்கிரேட். நேராக ஃபுல்-அப்கிரேட் போனால், நீங்கள் வைத்துக்கொள்ள விரும்பும் பேக்கேஜ்களையும் சேர்த்து நீக்கும் திட்டத்தை ஆப்ட் போடக்கூடும். நீக்கப் பட்டியலை ஒத்திகைப் பட்டியலோடு ஒப்பிட்டபின்தான் என்டர்.

முடிந்ததும் ரீபூட்டுக்குக் கை போகும். அதற்கு முன் இவ்வளவும் பார்க்கவும். டிபிகேஜியின் ஆடிட் வெறுமையாக வருகிறதா. பூட் அடைவில் 6.12-க்குக் கர்னல், இனிட்ராம்எஃப்எஸ் இரண்டும் இருக்கின்றனவா, அளவு பூஜ்யம் இல்லையே. இணைத்த கான்ஃபிக் டாரைப் பிரித்துப் போட்டு, எஸ்எஸ்எச்டி, என்ஜின்எக்ஸ், பிஎச்பி-எஃப்பிஎம் மூன்றுக்கும் உரிய ‘டெஸ்ட்’ விருப்பத்தை ஓட்டிப் பார்த்தாயிற்றா. எஃப்எஸ்டேப்புக்கு ஃபைண்ட்மவுண்டின் ‘வெரிஃபை’.

நெட்வொர்க் பெயர். புதிய கர்னலும் சிஸ்டம்டியும் சேரும்போது சில கார்டுகளின் பெயர் மாறலாம். பெயர் மாறினால் சர்வர் சுகமாக எழும், நெட் மட்டும் இருக்காது. மேக் முகவரியைக் கொண்டு பெயரை நிலைப்படுத்தும் ‘லிங்க்’ கோப்பு ஒன்றைச் சிஸ்டம்டியின் நெட்வொர்க் அடைவில் வைத்து, ‘லான்0’ போல ஒரு பெயர் கொடுத்து, இன்டர்ஃபேஸ் கான்ஃபிக்கிலும் ஃபயர்வாலிலும் அதையே எழுதிவிட்டால் இந்தக் கவலை நிரந்தரமாகத் தீரும். லிங்க் கோப்பு இனிட்ராம்எஃப்எஸ்ஸுக்குள்ளும் நகலாகிறது; ஆகவே அதை எழுதியபின் இனிட்ராம்எஃப்எஸ்ஸை மறுபடி உருவாக்க வேண்டும், வெறும் கோப்பை வைத்தால் பலிக்காது.

பிறகு ரீபூட். எழுந்ததும் 12:10-இல் எடுத்த படங்களை மறுபடி எடுத்து டிஃப் (வேறுபாட்டு ஒப்பீடு). இது கண்ணால் சரிபார்ப்பதைவிட நூறு மடங்கு நம்பகமானது: காணாமல் போன ஒரு போர்ட், மாறிய ஒரு சிஸ்சிடிஎல் மதிப்பு, எழாத ஒரு டைமர் மூன்றும் ஒரே திரையில் தெரிந்துவிடும். தோல்வியுற்ற யூனிட்டுகள், ரெய்டு நிலை. ஆம்செக் பட்டியலில் இருந்த இண்டெக்ஸ்களுக்கு ரீஇண்டெக்ஸ். சொந்த ஐபியிலிருந்து லாகின், ஒரு தேடல், ஒரு கோப்புப் பதிவேற்றம், ஒரு மெயில்.

பின்வாங்குவது என்றால்

கெடு முன்பே எழுதப்பட்டிருக்க வேண்டும். இங்கே 1:20. அதற்குள் சோதனைகள் தேறவில்லை என்றால் விவாதம் இல்லை, திரும்புவதுதான். திரும்புவதற்கே ஒரு ரீபூட்டும் ஒரு சுற்றுச் சோதனையும் ஆகும் என்பதால் கெடுவை நிறுத்த நேரத்தின் கடைசியில் வைக்க முடியாது.

எல்விகன்வர்ட் மூலம் ‘மெர்ஜ்’ கொடுத்தால், ரூட் பயன்பாட்டில் இருப்பதால் உடனே நடக்காது. அடுத்த பூட்டில் தொடங்கும். ஆனால் பூட் அடைவு பழைய நிலைக்குத் திரும்பவில்லை. க்ரப் இயல்பாக 6.12-ஐத்தான் தேர்ந்தெடுக்கும், திரும்பிய ரூட்டில் 6.12-இன் மாட்யூல்கள் இல்லை. இனிட்ராம்எஃப்எஸ்ஸுக்குள் இருக்கும் டிரைவர்களைக் கொண்டு ரூட் மவுண்ட் ஆகிவிடும், லாகினும் வரும், நெட்வொர்க் டிரைவர் மட்டும் கிடைக்காது. ‘ஸ்னாப்ஷாட் திரும்பியும் நெட் வரவில்லை’ என்ற குழப்பத்துக்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். மெர்ஜ் கொடுத்தபின், ரீபூட்டுக்கு முன், பூட் அடைவின் டாரைத் திருப்பிப் போடவும். அல்லது க்ரப் மெனுவில் 6.1-ஐக் கையால் தேர்ந்தெடுக்கவும். தேவையற்ற பேக்கேஜ்களை நீக்கும் ஆட்டோரிமூவை ஓட்டி 6.1-ஐ நீக்கியிருந்தால் இரண்டாவது வழி அடைபட்டிருக்கும்.

தளத்தைப் பயனர்களுக்குத் திறந்தபின் இந்த வழி இல்லை. திறந்த நிமிடத்திலிருந்து தரவுத்தளத்தில் புதிய பதிவுகள் சேர்கின்றன. அதன் ஸ்னாப்ஷாட்டுக்குத் திரும்புவது அவற்றை அழிப்பதாகும். ஆகவே திறந்தவுடன் தரவுத்தள ஸ்னாப்ஷாட்டை நீக்கிவிடலாம், அது வட்டில் எழுதும் ஒவ்வொரு முறையும் மந்தமாக்கிக்கொண்டிருப்பதுதான் மிச்சம். ரூட்டுடையது ஒரு நாள் இருக்கட்டும்.

அடுத்த வாரம்

போஸ்ட்கிரஸ் 17-க்கு மாற, அந்த வெறும் 17 கிளஸ்டரை முதலில் பிஜி-டிராப்கிளஸ்டர் மூலம் நீக்க வேண்டும். இல்லையென்றால் ஏற்கெனவே இருக்கிறது என்று பிஜி-அப்கிரேட்கிளஸ்டர் நின்றுவிடும். இயல்பு முறை டம்ப் எடுத்துத் திரும்ப ஏற்றுவது: தரவின் அளவுக்கேற்ப நேரம், ஆனால் எல்லா இண்டெக்ஸும் புதிதாகக் கட்டப்படும். ‘அப்கிரேட்’ முறையோடு ‘லிங்க்’ சேர்த்தால் கோப்புகள் நகலாகாமல் இணைக்கப்படும். தரவின் அளவு ஒரு பொருட்டே இல்லை. புதிய கிளஸ்டரைத் தொடங்கியபின் பழையதைத் தொடங்கக்கூடாது. ஆகவே போஸ்ட்கிரஸை நிறுத்தி, ஸ்னாப்ஷாட் எடுத்து, அதன்பின் லிங்க். லிங்க் முறையில், தேடலுக்கு வேகமான வழியைத் தேர்ந்தெடுக்கும் பிளானரின் புள்ளிவிவரங்கள் உடன் வருவதில்லை. கட்டம் கட்டமான அனலைஸின் முதல் கட்டமாவது முடியாமல் தளத்தைத் திறந்தால், விநாடியில் வந்த பக்கங்கள் நிமிடக்கணக்கில் சுற்றும்.

பின்னர்தான் ஆட்டோரிமூவ், மிச்சக் கான்ஃபிக் பர்ஜ், நிறுத்திய ஆப்ட் டைமர்களை மறுபடி தொடங்குதல், வெளி ரெப்பாசிட்டரிகள். மூலப் பட்டியலைப் புதிய வடிவத்துக்கு மாற்ற ஆப்ட் மாடர்னைஸ்-சோர்சஸ் என்ற கமாண்ட் ட்ரிக்ஸியில் இருக்கிறது, கையால் எழுத வேண்டியதில்லை.

இனி மாதாமாதம் வரும் கர்னல் அப்டேட்டுக்கு இத்தனை ஏற்பாடு வேண்டாம். நீட்ரீஸ்டார்ட் எந்த சர்வீஸ் பழைய லைப்ரரியைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று சொல்லும். பலதும் ரீபூட் இல்லாமலே முடியும். கர்னல் மாறினால் சிஸ்டம்சிடிஎல் கேஎக்ஸெக் ஃபர்ம்வேர் சோதனையைத் தாண்டி நேராகப் புதிய கர்னலுக்குப் போகும், நிறுத்தம் நிமிடங்களிலிருந்து விநாடிகளுக்கு இறங்கும். சில ரெய்டு, நெட்வொர்க் கார்டுகள் இப்படி எழும்போது மக்கர் செய்யும் என்பதால் முதல்முறை கன்சோலைத் திறந்துவைத்துக்கொண்டு செய்யவும். பெரிய பதிப்பு மாற்றத்தில் மட்டும் கேஎக்ஸெக் வேண்டாம்: க்ரப் சரியாக எழுதப்பட்டிருக்கிறதா என்பது அதில் சோதிக்கப்படாமலே போய்விடும், அடுத்த மின்வெட்டில்தான் தெரியவரும்.